வருடத்துக்கு 250 கொசுவலை வட்டி

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன், வயது 39. கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை, கைக்கு வரும் சம்பளம் 48,000. முன்பு உகாண்டாவில் மூன்று வருடம் ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருந்தேன். எனக்கே இரண்டு முறை மலேரியா வந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று அதில் இறந்துபோனது. ஊர் திரும்பியதிலிருந்து, கொசுவலை கொடுக்கும் ஒரு வெளிநாட்டு அறக்கட்டளைக்குக் கிரெடிட் கார்டில் மாதம் 3,000 அனுப்புகிறேன். மனைவி நகையை வைத்து, அவள் தம்பியின் டெம்போவுக்காக மூன்று தடவையாக 4.2 லட்சம் வாங்கினோம். வட்டி 12 சதவீதம். வருடா வருடம் வட்டியைக் கட்டி மாற்றி வைக்கிறேன். 'ஊரான் பிள்ளைக்கு வலை, நம்ம பிள்ளைக்கு வட்டியா?' என்கிறாள் மனைவி. மாதம் 3,000 வெளியே கொடுத்துக்கொண்டு மச்சினனுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? இப்போது ஏஜென்ட் ஒருவர், மாதம் 6,000 யூலிப்பில் (காப்பீடும் முதலீடும் கலந்த பாலிசி) போட்டால் பத்து வருடத்துக்குப் பிறகு அதன் வருமானத்திலேயே தானம் செய்யலாம் என்கிறார். நன்கொடையை நிறுத்திவிடவா? அதற்கு வரிச் சலுகை உண்டா? கேரள அரசின் சீட்டு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ.யில் 3 லட்சம் சிட்டி ஒன்று, மாதம் 5,000 வீதம் 22 மாதம் கட்டியிருக்கிறேன்.

பதில்: வரிச் சலுகை கிடையாது. நன்கொடைக்கான 80ஜி வரி விலக்கு என்பது இந்தியாவில் அதற்கென்று பதிவு பெற்ற அமைப்புகளுக்குக் கொடுத்தால்தான். புதிய வரி முறையில் இருந்தால் அதுவும் இல்லை. அந்தக் கேள்வி அதோடு முடிந்தது.

நீண்ட கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 'மாதம் 3,000 வெளியே கொடுத்துக்கொண்டு மச்சினனுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது?' உங்கள் பணம் கரைகிற இடம் அதுதான். நன்கொடை கொடுப்பது ஏதோ குடும்பத்துக்குத் தெரியாமல் செய்த தப்பு மாதிரி உங்களுக்குள் ஒரு குற்ற உணர்ச்சி இருக்கிறது. மச்சினன் வந்து நிற்கும்போதெல்லாம் அதற்குப் பரிகாரமாக நகைக்கடைப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறீர்கள்.

உங்களுக்குப் பழகிய அளவிலேயே கணக்குப் போடுவோம். மருந்து தோய்த்த ஒரு வலை சுமார் 2 டாலர். எளிதாக இருக்கட்டும் என்று 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வருடத்துக்குக் கொடுப்பது 36,000, அதாவது 180 வலை. ஒரு வலைக்குள் இரண்டு பேர் என்றால் 360 பேர், ஏறத்தாழ மூன்று வருடத்துக்கு. 4.2 லட்சத்துக்கு 12 சதவீதம் வட்டி 50,400, அதாவது 250 வலை. தானத்தைவிட வட்டி பெரிதாக இருக்கிறது, மனைவி கோபப்படுவது தானத்தின் மேல்! முதல் வருடம் 1.5 லட்சம், அடுத்து 2.7, இப்போது 4.2 என்று ஏறியிருந்தால், இதுவரை வட்டியாக மட்டும் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் போயிருக்கும். அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை.

இதை வட்டி கட்டுவது என்று சொல்வதே தவறு, வாடகை கட்டுகிறீர்கள். சொந்த நகைக்கு வாடகை. தங்கம் ஏறிக்கொண்டே போவதால், புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் 'சார், இதே நகைக்கு இன்னும் 80,000 கிடைக்கும்' என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் மச்சினன் முகம் ஞாபகம் வந்தால், எழுந்து வெளியே வந்து ஒரு டீ குடியுங்கள்.

நன்கொடை தேவையா என்று மனைவிக்குச் சந்தேகம் இருந்தால் இதைச் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2023-ல் மலேரியாவில் இறந்தவர்கள் சுமார் 5,97,000 பேர். அதில் 95 சதவீதம் ஆப்பிரிக்காவில், அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அந்தக் கொசு பெரும்பாலும் கடிப்பது ஆள் தூங்குகிற நேரத்தில். அதனால்தான் ஒரு வலை இத்தனை வேலை செய்கிறது. ராப் மேதர் தொடங்கிய அகெய்ன்ஸ்ட் மலேரியா ஃபவுண்டேஷன் போன்ற அமைப்பு, பொதுமக்கள் பணத்தை முழுக்க வலைக்கே செலவழிக்கிறது. ஆபீஸ் செலவுக்கு வேறு சிலர் தனியாகக் கொடுக்கிறார்கள். கொடுத்த வலை வீட்டில் தொங்குகிறதா என்று பிறகு போய்ப் பார்க்கவும் செய்கிறது. இப்படிக் கணக்குக் காட்டுகிற இடம் நம் ஊரில் எத்தனை என்று சொல்லுங்கள். (கோயம்புத்தூர் தாண்டிக் கரூரில் தயாராகும் கொசுவலைகளும் ஆப்பிரிக்கா வரை போகின்றன. இதையும் சொன்னால் வீட்டில் கொஞ்சம் எடுபடும்.)

யூலிப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். ஐந்து வருடம் பணத்தைத் தொட முடியாது, 12 சதவீதக் கடனும் அப்படியே கிடக்கும். அந்த 6,000 எங்கிருந்து வரும் என்று ஏஜென்டும் சொல்லவில்லை, நீங்களும் எழுதவில்லை. 'தானம்' என்ற சொல்லை நடுவில் போட்டுப் பாலிசி விற்பது இப்போது ஒரு ஃபேஷன்.

சரி, இனி வழி. சிட்டியை (எங்கள் பக்கம் சீட்டு என்போம்) ஏலத்தில் எடுங்கள். 15 சதவீதம் தள்ளுபடி போனால் கைக்கு 2.55 லட்சம். கடைசி வரை காத்திருந்தால் கமிஷன் போக 2.85 லட்சம் வரும், ஆக இழப்பு 30,000. ஆனால் அந்த 2.55 லட்சத்துக்கு நீங்கள் கட்டும் வட்டி மூன்று வருடத்தில் 90,000-ஐத் தாண்டும். தள்ளுபடி 25-க்கு மேல் போனால் விட்டுவிட்டு அடுத்த மாதம் பாருங்கள். ஜாமீன் என்ன கேட்பார்கள் என்பதைக் கிளையில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பலர் சிட்டி விழுந்த பிறகுதான் ஜாமீனுக்கு அலைகிறார்கள்.

மீதி சுமார் 1.65 லட்சம். அதற்குரிய நகையை மட்டும் வங்கிக்கு மாற்றுங்கள். 9, 10 சதவீதத்தில் கிடைத்தால் வட்டி மாதம் 1,300 அளவில் நிற்கும். இப்போது மாதத்துக்கு 4,200 போகிறது, 2,900 மிச்சம்.

நன்கொடையை நிறுத்தச் சொல்ல மாட்டேன். நகை வீட்டுக்கு வரும்வரை 1,500 ஆக்குங்கள். அதை நீங்களாகவே மனைவியிடம் சொல்லுங்கள். பதிலுக்கு அவர் ஒன்று செய்ய வேண்டும்: தம்பிக்கு இனி இல்லை என்பதை அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். நகை அவருடையது, தம்பியும் அவருடையவர். மாமன் மறுத்தால் பகை, அக்கா மறுத்தால் இரண்டு நாள் முகம் தூக்கல், அவ்வளவுதான். மிச்சமாகும் 2,900-உம் இந்த 1,500-உம் மாதாமாதம் அசலுக்குப் போகட்டும், ஓணம் போனஸ் வந்தால் அதுவும். ஏறக்குறைய மூன்று வருடத்தில், போனஸ் சேர்ந்தால் அதற்கும் முன்பே, நகை மொத்தமும் வந்துவிடும்.

சின்ன விஷயம் ஒன்று. டாலரில் கட்டும்போது பல கார்டுகள் 3.5 சதவீதமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் எடுக்கின்றன. 3,000-க்கு 120 ரூபாய், வருடத்துக்கு ஏழு வலை. 2 சதவீதமோ அதற்குக் கீழோ எடுக்கிற கார்டுகளும் உண்டு, மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம், டெம்போ ஓடுகிறதா, ஆர்.சி. புத்தகம் யார் பேரில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. மூன்று தடவை பணம் கொடுத்தவர் அதை ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும். வண்டி மச்சினன் பேரில் கடனில்லாமல் இருந்தால், அதை வைத்து அவரே ஃபைனான்ஸ் வாங்கி உங்கள் 1.65 லட்சத்தை அடைக்க முடியுமா என்று பாருங்கள். புத்தகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.