வீடு கட்டுமுன் தண்ணீரைக் கொடு: கொலராடோ நகராட்சிகளும் நீர் உரிமையும் – கேள்வி பதில்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கும் பல ஊர்களில் ஒரு விதி உண்டு. புதிதாக மனைப்பிரிவு போடுகிறவர், அங்கே குடியேறப்போகிறவர்களுக்குத் தேவையான நீர் உரிமையை முன்கூட்டியே நகராட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அதற்கு ஈடான பணம் கட்ட வேண்டும். நகராட்சிகளுக்காக இந்த நீர்க்கணக்கைப் பார்ப்பது என் தொழில். வந்த கேள்விகளுக்கு என்னால் இயன்ற பதில்கள் கீழே.

கேள்வி (கோவையிலிருந்து ஒரு வாசகர்): வீடு கட்டி விற்கிறவர் எதற்காக ஊருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும்? குடிநீர் தருவது நகராட்சியின் வேலைதானே?

தமிழ்நாட்டில் பெரிய மனைப்பிரிவு போட்டால் பூங்காவுக்கென்று பத்து விழுக்காடு நிலத்தைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்கிறார்கள் அல்லவா? சில அளவுகளில் நிலத்துக்குப் பதில் பணமும் கட்டலாம். இங்கே தண்ணீருக்கும் அதே ஏற்பாடுதான்.

காரணம் மாநிலத்தின் சட்டம். கொலராடோவில் ஆற்று நீர் நிலத்தோடு சேர்ந்த சொத்து அல்ல. யார் முதலில் எடுத்துப் பயன்படுத்தினாரோ அவருக்கே முதல் உரிமை. 1876-ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே இது இருக்கிறது. ஆற்றங்கரையில் நிலம் இருப்பதால் மட்டும் உரிமை வந்துவிடாது என்பதை 1882-இல் லெஃப்ட் ஹேண்ட் வாய்க்கால் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. (அதே 1882-இல்தான் இந்தியாவில் வசதியுரிமைச் சட்டம் வந்தது. அது கரையோர நிலக்காரரின் உரிமையை ஏற்றுக்கொண்டது. ஒரே ஆண்டில் இரண்டு எதிரெதிர்ப் பாதைகள்.)

இங்குள்ள சிற்றாறுகளின் கோடைக்கால நீர் முழுவதும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே பங்கு போடப்பட்டுவிட்டது. இன்று நகராட்சி புதிதாக உரிமை கேட்டால் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும். வறண்ட ஆண்டில் அந்த இடத்துக்கு ஒரு சொட்டும் வராது. ஆகவே யாரிடமாவது இருக்கும் பழைய உரிமையை வாங்கித்தான் ஆக வேண்டும். அந்தச் செலவை ஏற்கெனவே குடியிருப்பவர்கள் தலையில் கட்டாமல், புதிதாக வருகிறவர்கள் சுமக்கட்டும் என்பதே இந்த விதியின் நியாயம். எல்லா ஊரும் இப்படி என்று எண்ண வேண்டாம். டென்வர் நகரின் நீர் வாரியம் உரிமையைக் கேட்பதில்லை. இணைப்புக்கான மேம்பாட்டுக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு தண்ணீரைத் தானே தேடிக்கொள்கிறது.

கேள்வி (நீரியல் மாணவி): உண்மையில் கைமாறுவது என்ன? பத்திரமா, தண்ணீரா?

கைமாறுவது காகிதம். வடக்குக் கொலராடோவில் அது பெரும்பாலும் இரண்டு வகை.

ஒன்று, வாய்க்கால் கம்பெனியின் பங்குச் சான்றிதழ். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் விவசாயிகள் கூடி வாய்க்கால் வெட்டி, அதைக் கம்பெனியாகப் பதிவு செய்து, பங்கு பிரித்துக்கொண்டார்கள். வாய்க்காலில் வரும் நீரில் பங்குக்கு இவ்வளவு என்று கிடைக்கும். ஆண்டுதோறும் பராமரிப்புக்குக் கட்டணமும் உண்டு.

மற்றொன்று, கொலராடோ–பிக் தாம்சன் திட்டத்தின் அலகு. மலைக்கு மேற்கே கொலராடோ ஆற்றின் தலைப்பகுதி நீரைத் தேக்கி, ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்கு அடியில் சுமார் 21 கிலோமீட்டர் சுரங்கம் வழியாகக் கிழக்கே கொண்டுவரும் திட்டம் இது. 1938-இல் தொடங்கி 1957-இல் முடிந்தது. மொத்தம் 3,10,000 அலகுகள். ஓர் அலகுக்கு அதிகபட்சம் ஓர் ஏக்கர் அடி, அதாவது சுமார் 12.3 லட்சம் லிட்டர். நமக்குப் பழகிய கணக்கில் மொத்தம் 13.5 டி.எம்.சி. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவில் ஏழில் ஒரு பங்குதான்; அதற்காகத்தான் இத்தனை போட்டி.

ஒவ்வோர் ஏப்ரலிலும் திட்டத்தை நடத்தும் நார்தர்ன் வாட்டர் அமைப்பின் குழு கூடி, இந்த ஆண்டு அலகுக்கு எத்தனை விழுக்காடு என்று அறிவிக்கும். பெரும்பாலும் 70. உள்ளூர் ஆறுகள் வறண்டால் கூட்டிக் கொடுப்பார்கள், ஏனென்றால் குறையை நிரப்பவே இத்திட்டம் பிறந்தது. இந்த நீரைப் பாசனத்திலிருந்து குடிநீருக்கு மாற்ற நீதிமன்றம் போக வேண்டியதில்லை. குழுவின் ஒப்புதல் போதும். சந்தையில் இதற்கு இருக்கும் மவுசு இந்த எளிமையால் வந்தது. ஒரு குறையும் உண்டு: இதை ஒரு முறைதான் பயன்படுத்தலாம். சுத்திகரித்த கழிவுநீரை மீண்டும் எடுத்து உரிமை கொண்டாட முடியாது.

தொடக்கத்தில் ஐந்தில் நான்குக்கு மேலான அலகுகள் விவசாயிகளிடம் இருந்தன. இன்று பெரும்பகுதி நகரங்கள், தொழிற்சாலைகள் கையில்.

கேள்வி (மனை நிறுவனம் ஒன்றில் பணியாற்றும் வாசகர்): நாங்கள் வாங்கிய பண்ணையோடு வாய்க்கால் பங்குகளும் வந்தன. பங்குக்குச் சராசரியாகப் பத்து ஏக்கர் அடி வருகிறது என்று கம்பெனிக் கணக்கே சொல்கிறது. நகராட்சியோ மூன்றுக்கும் குறைவாகத்தான் வரவு வைப்போம் என்கிறது. இது கொள்ளை இல்லையா?

கொள்ளை இல்லை. இந்த ஒரு கேள்விக்குள் தொழில் முழுவதும் அடங்கியிருப்பதால் நிதானமாகச் சொல்கிறேன்.

பாசன உரிமையை நகராட்சி அப்படியே குழாயில் விட முடியாது. நீர் நீதிமன்றத்தில் பயன்பாட்டு மாற்றத்துக்கு மனுப் போட வேண்டும். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலத்தில் ஆற்றுப்படுகைவாரியாக ஏழு நீர்ப் பிரிவுகளும் அவற்றுக்கென நீதிமன்றங்களும் உள்ளன. அங்கே எழும் முதல் கேள்வி, ஆற்றில் உள்ள மற்றவர்களுக்கு இதனால் பாதிப்பு உண்டா என்பது.

வயலுக்குப் பாய்ச்சிய நீர் முழுவதையும் பயிர் குடித்துவிடுவதில்லை. மீதி வடிந்தும் கசிந்தும் ஆற்றுக்குத் திரும்புகிறது. அந்தத் திரும்பு நீரை நம்பித்தான் கீழே இருக்கிறவர் உரிமை வாங்கியிருக்கிறார். காவிரியின் கடைமடை விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. எனவே நகராட்சிக்கு மாறுவது, பயிர் உண்மையில் குடித்த அளவு மட்டும். மீதியை அதே இடத்தில், அதே காலத்தில் ஆற்றில் விட்டாக வேண்டும்.

உங்கள் பத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே. வாய்க்காலில் பதினைந்து விழுக்காடு கசிவு என்றால் வயலை அடைவது 8.5. பயிர் குடித்தது அதில் 55 விழுக்காடு என்றால் சுமார் 4.7. இது சராசரி ஆண்டுக்கு. நகராட்சிக்குச் சராசரி உதவாது; 2002 போன்ற வறட்சியிலும் குழாயில் தண்ணீர் வர வேண்டும். வறண்ட ஆண்டில் வரத்து அறுபது விழுக்காடாகக் குறைந்தால் 2.8 ஆகிவிடுகிறது. அதுவும் மே முதல் செப்டம்பர் வரைதான் வரும். ஜனவரியில் குளிக்கிறவருக்கு அதைத் தேக்கி வைக்க நீர்த்தேக்கம் வேண்டும், தேக்கினால் ஆவியாதல் உண்டு. சில ஊர்கள் இதற்காகவே வாய்க்கால் பங்கோடு சேர்த்துத் தேக்கக் கட்டணமும் கேட்கின்றன.

நீங்கள் வாதாட வேண்டிய இடம் வேறு. அந்த வயலில் என்ன பயிர் எத்தனை ஆண்டு போட்டார்கள் என்ற ஆவணம் உங்களிடம் இருக்கிறதா? குதிரை மசால் போட்ட வயலுக்கும் சோளம் போட்ட வயலுக்கும் கணக்கு வேறு. பழைய வான்படங்களையும் வாய்க்கால் பதிவேடுகளையும் கொண்டுபோய் வையுங்கள். கோபத்தைவிட அது வேலை செய்யும்.

கேள்வி: ஃபோர்ட் காலின்ஸ் நகரம் சில வாய்க்கால்களின் பங்கை ஏற்றுவந்தது, சிலவற்றை ஏற்கவில்லை. ஏன் இந்தப் பாரபட்சம்?

புவியியல்தான். சுத்திகரிப்பு நிலையம் எங்கே இருக்கிறது, அந்த வாய்க்காலின் தலைமதகு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நகரத்தால் தன் ஆலைக்குக் கொண்டுவர முடியாத நீரை வாங்கி வைத்து என்ன செய்வது? நியூ மெர்சர், வாரன் லேக் போன்ற தென்பகுதி வாய்க்கால்களின் பங்குகளை அந்நகரம் ஏற்கெனவே நிறையச் சேர்த்து, நீதிமன்றத்தில் மாற்றியும் வைத்திருக்கிறது. புதிய வாய்க்கால் என்றால் புதிய வழக்கு, பல ஆண்டுகள், பொறியாளர், வழக்கறிஞர் கட்டணம். நாலைந்து பங்குக்காக யாரும் அதில் இறங்க மாட்டார்கள்.

கேள்வி (ஒரு சிற்றூரின் நகர்மன்றத்துக்கு ஆலோசனை சொல்பவர்): பங்கும் வேண்டாம், வழக்கும் வேண்டாம் என்று பணமாகவே வாங்கிவிடலாமே?

வாங்கலாம். பல ஊர்கள் அந்தப் பக்கம்தான் சாய்கின்றன. ஆனால் பணம் வாங்கிய நொடியில் விலையேற்றத்தின் ஆபத்து மனை நிறுவனத்தின் தோளிலிருந்து ஊரின் தோளுக்கு மாறிவிடுகிறது என்பதை மன்றத்தில் உரக்கச் சொல்லுங்கள்.

பிக் தாம்சன் அலகு முன்பு சில நூறு டாலருக்குக் கிடைத்தது. இன்று பல பத்தாயிரம் டாலர். இந்த ஆண்டு வாங்கிய பணம் வங்கியில் கிடந்தால், நான்கு ஆண்டு கழித்து அதில் பாதித் தண்ணீர்கூட வராமல் போகலாம். அந்தப் பள்ளத்தை நிரப்புவது பழைய குடிகளின் நீர்க்கட்டணம்.

இதைவிட நுட்பமான தொல்லை ஒன்று உண்டு. பங்கோ பணமோ எதை வேண்டுமானாலும் கொடு என்று விட்டால், மனை நிறுவனம் தனக்கு எது மலிவோ அதைத்தான் நீட்டும். கட்டணம் சந்தை விலைக்குக் கீழே இருந்தால் பணம் வரும், தண்ணீர் வராது. மேலே இருந்தால் சந்தையில் யாரும் தொடாத பங்குகள் எல்லாம் உங்கள் வாசலில் குவியும். ஆக, கட்டணத்தை ஆண்டுக்கு ஒருமுறையாவது சந்தையோடு ஒப்பிட்டுத் திருத்தும் துணிவு இல்லாத மன்றம் பணம் வாங்கவே கூடாது என்பது என் கருத்து. தேர்தல் ஆண்டில் கட்டணத்தை உயர்த்தாமல் தள்ளிப்போடுவது மனை நிறுவனத்துக்குக் கொடுக்கும் மானியம். அதற்கு வேறு பெயர் வைத்துப் பயனில்லை.

லவ்லண்ட் நகரில் நீர் வங்கி என்று ஓர் ஏற்பாடு உண்டு. பங்குகளை முன்கூட்டியே ஒப்படைத்துக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு, கட்டட அனுமதி வாங்கும்போது கழித்துக்கொள்ளலாம். கிரீலி நகரம் 2021-இல் இன்னும் துணிந்த ஒரு வேலை செய்தது: டெர்ரி ராஞ்ச் நிலத்தடி நீரை ஒரு தனியார் நிறுவனத்திடமிருந்து வாங்கி, விலைக்குப் பதிலாக நீர் வரவுச் சீட்டுகளைக் கொடுத்தது. அந்த நிறுவனம் சீட்டுகளை மனை நிறுவனங்களுக்கு விற்றுக்கொள்ளும். அவர்கள் அதை நகரத்திடம் கொடுத்துத் தங்கள் கடமையை முடித்துக்கொள்வார்கள்.

கேள்வி (வின்ட்ஸரில் வீடு வாங்கப்போகும் தம்பதி): நாங்கள் கொடுக்கும் விலையில் நீர் உரிமையும் அடக்கம் என்கிறார் விற்பவர். அப்படியானால் அது எங்கள் பெயருக்கு வருமா?

வராது. உரிமை நகரத்தின் சொத்து. உங்களுக்குக் கிடைப்பது குழாய் இணைப்பு. செலவு வீட்டு விலையில் ஏறியிருக்கும் என்பது மட்டும் உண்மை. தோட்டத்துக்குத் தனிக் குழாயில் சுத்திகரிக்காத வாய்க்கால் நீர் வருகிறதா, அதை நடத்துவது நகரமா குடியிருப்போர் சங்கமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாதாந்தரச் செலவில் அது நன்றாகவே தெரியும்.

கேள்வி: விளைநிலத்தின் தண்ணீர் நகரத்துக்குப் போனால் அந்த நிலம் என்ன ஆகும்?

மனைப்பிரிவே அந்த வயலில் வந்தால் நிலமும் நீரும் சேர்ந்தே மாறுகின்றன. வருத்தம் இருக்கலாம், குழப்பம் இல்லை. எங்கோ இருக்கும் பண்ணையின் நீரை மட்டும் பிரித்தெடுக்கும்போதுதான் சிக்கல். அந்த நிலத்தில் இனிப் பாசனம் செய்ய மாட்டோம் என்று பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். தரிசாக விட்டால் களையும் புழுதியும்தான் மிஞ்சும் என்பதால் புல் வளர்த்துக் காட்டவும் நீதிமன்றம் சொல்கிறது.

தென்கிழக்கில் ஆர்கன்சா ஆற்றுப் பள்ளத்தாக்கின் க்ரவுலி மாவட்டத்தில் ஒரு காலத்தில் ஐம்பதாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் நடந்தது. நகரங்கள் நீரை வாங்கிய பிறகு மிஞ்சியது சில ஆயிரம் ஏக்கர். விற்ற விவசாயிக்குப் பணம் கிடைத்தது. விற்காத பக்கத்து நிலக்காரருக்கும் உரக்கடைக்காரருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எதுவும் கிடைக்கவில்லை. கொலராடோச் சட்டத்தில் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது இதுதான்: ஆற்றில் உரிமை உள்ளவரின் பாதிப்பைத் துல்லியமாக அளக்கும், ஊரின் பாதிப்பை அளக்க அதனிடம் கோல் இல்லை.

வாங்கிய நகரங்களும் எப்போதும் வென்றுவிடுவதில்லை. டென்வருக்கு வடக்கே உள்ள தார்ன்டன் நகரம் 1980-களின் நடுவில் லாரிமர், வெல்ட் மாவட்டங்களில் ஏராளமான பண்ணைகளை நீருக்காக வாங்கியது. குழாய் பதிக்க லாரிமர் மாவட்டம் 2019-இல் அனுமதி மறுத்தது, கிடைத்தது 2024-இல். உரிமை கையில், தண்ணீர் நூறு கிலோமீட்டருக்கு அப்பால்.

கேள்வி: ஆறே இல்லாத ஊர்கள் என்ன செய்கின்றன?

டென்வருக்குத் தெற்கே உள்ள காசில் ராக் போன்ற ஊர்கள், மனை நிலத்துக்கு அடியில் உள்ள ஆழ்நீர் உரிமையை எழுதி வாங்கின. அந்த நீர் ஊறுவது மிகக் குறைவு. நூறு ஆண்டுக்கு வரும் என்று சட்டம் கணக்கிட்டு, ஆண்டுக்கு ஒரு விழுக்காடு எடுக்க விடுகிறது. தாளில் நூறு ஆண்டு. கிணற்றில் நீர்மட்டம் இறங்க இறங்க மின்செலவும் புதிய கிணறுகளின் செலவும் முன்னதாகவே கழுத்தைப் பிடிக்கும். இப்போது காசில் ராக் 2050-க்குள் தன் நீர்த் தேவையில் முக்கால் பங்கை, ஆண்டுதோறும் மீண்டும் வரும் புதுப்பிக்கத்தக்க நீருக்கு மாற்ற முயல்கிறது.

கேள்வி (சென்னை வாசகர்): அங்கே மழைநீரைச் சேமிப்பது குற்றம் என்கிறார்களே, உண்மையா?

2016 வரை பெரும்பாலான வீடுகளுக்கு அதுதான் நிலை. கூரையில் விழும் மழையும் ஆற்றில் உரிமை உள்ளவருக்கே சேர வேண்டியது என்ற தர்க்கம். இப்போது இரண்டு பீப்பாய், மொத்தம் 110 கேலன், அதாவது சுமார் 416 லிட்டர் பிடிக்கலாம். 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் சிரிப்பு வரத்தான் செய்யும்.

கேள்வி: பாசனப் பங்கோடு நிலம் விலைக்கு வருகிறது. பின்னாளில் மனை போடும் எண்ணம். வாங்குமுன் எதைப் பார்ப்பது?

அந்த ஊரின் நகராட்சி இந்த வாய்க்காலை ஏற்குமா, பங்குக்கு எவ்வளவு வரவு என்று எழுத்தில் கேளுங்கள். விற்பவர் சொல்லும் ஏக்கர் அடியை நம்ப வேண்டாம். பங்கின் மீது அடமானம் இருக்கிறதா, கம்பெனிக்குக் கட்டண பாக்கி இருக்கிறதா, வாய்க்காலுக்கு வெளியே நீரை மாற்றக் கம்பெனியின் துணைவிதி அனுமதிக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, வாங்கிய பிறகு பாசனத்தை நிறுத்திவிடாதீர்கள். பத்து ஆண்டு பயன்படுத்தாவிட்டால் உரிமையைக் கைவிட்டதாகச் சட்டம் அனுமானிக்கும். அதற்கு முன்பே, சும்மா கிடந்த ஒவ்வோர் ஆண்டும் பயிர் குடித்த அளவின் சராசரியைக் கீழே இழுக்கும். மனைப்பிரிவுக்கு அனுமதி வரும்வரை குத்தகைக்கு விட்டாவது குதிரை மசால் போட்டு வையுங்கள், பாய்ச்சிய நாள்களைக் குறித்தும் வையுங்கள்.