கழுத்தில் நெருக்கம், கையில் தடுமாற்றம்: வாசகர் கேள்விகளுக்கு இயன்முறை மருத்துவரின் பதில்கள்

கழுத்தெலும்புத் தேய்மானத்தால் தண்டுவடம் நெருக்குண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் நிறைய எழுதியிருக்கிறீர்கள். பலருக்கும் பொதுவான ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

எனக்கு வயது 58. நடக்கும்போது செருப்பு கழன்று போவதே தெரிவதில்லை. சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிடுகிறாள். கழுத்தில் வலி துளியும் இல்லை. ஆனால் எம்.ஆர்.ஐ. பார்த்த மருத்துவர் அறுவை சிகிச்சை வேண்டும் என்கிறார். பயிற்சியிலேயே சரிசெய்ய முடியாதா?

முடியாது ஐயா. பயிற்சி கொடுப்பதே என் தொழில்; அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். ஜவ்வு பின்பக்கம் பிதுங்கி, எலும்பு முனை வளர்ந்து, தசைநார் தடித்து, தண்டுவடம் செல்லும் பாதை உங்களுக்குக் குறுகிவிட்டது. எந்தப் பயிற்சியும் அந்த எலும்பைக் கரைக்காது. வலி இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். இந்த நோய் பலருக்கு வலியே இல்லாமல்தான் வருகிறது. அதனாலேயே சர்க்கரையால் வந்த மரப்பு, மணிக்கட்டு நரம்பு இறுக்கம் என்று வேறு எதற்கோ ஆண்டுக்கணக்கில் வைத்தியம் பார்த்துவிட்டு, கால் தள்ளாடிய பிறகு வருகிறார்கள்.

நோயின் கடுமையை அளக்க, ஜப்பானிய எலும்பியல் சங்கத்தின் திருத்திய மதிப்பெண் அட்டவணை இருக்கிறது. கை வேலை, நடை, தொடு உணர்வு, சிறுநீர்க் கட்டுப்பாடு நான்குக்கும் சேர்த்து 18 மதிப்பெண். 15 முதல் 17 வரை லேசானது. 12 முதல் 14 வரை நடுத்தரம். 11-உம் அதற்குக் கீழும் கடுமை. 2017-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல், நடுத்தரத்துக்கும் கடுமைக்கும் அறுவை சிகிச்சையையே பரிந்துரைக்கிறது. லேசான நிலையில் இருப்பவர்கள் மட்டும் மருத்துவரின் கண்காணிப்பில் பயிற்சி செய்து பார்க்கலாம். நிலைமை மோசமானால் அவர்களுக்கும் அறுவை சிகிச்சைதான். உங்கள் மதிப்பெண் எத்தனை என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

முடிதிருத்தும் கடையில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பது, சுளுக்கு வழிப்பது, எடை கட்டி இழுப்பது எதுவும் இனி ஒரு நாளும் வேண்டாம். நெருக்குண்ட தண்டுவடத்தோடு இருப்பவருக்கு அப்படி ஒரு திருப்பலே கை கால்களைச் செயலிழக்கச் செய்துவிடக்கூடும்.

மூன்று வாரத்தில் எனக்கு அறுவை சிகிச்சை. அதுவரை சும்மா இருக்க வேண்டியதுதானா?

இல்லை, இது நல்ல வேலைக்கான நேரம். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அறுவை சிகிச்சையில் கழுத்தெலும்புகளை இணைத்தால், அவை ஒன்றுசேர்வதைப் புகை கெடுக்கும். சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். குளியலறையில் கைப்பிடி பொருத்துங்கள். உட்காரும் வகைக் கழிப்பறைக்கு ஏற்பாடு செய்யுங்கள். கழுத்தையும் உடம்பையும் ஒன்றாகப் புரட்டி, ஒருக்களித்து, கையை ஊன்றிப் படுக்கையிலிருந்து எழுவதை இப்போதே பழகுங்கள். நீங்கள் நடப்பதையும் பொத்தான் போடுவதையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒன்றுமே மாறவில்லை என்று மனம் சோரும்போது அந்தப் படம் கைகொடுக்கும்.

அறுவை சிகிச்சை முடிந்து ஏழு வாரம். நடை தேவலை. விரல்கள் மட்டும் மரத்தே கிடக்கின்றன. முப்பது வருடம் பூக்கட்டிப் பிழைத்தவள் நான். இப்போது நாரைச் சுற்றி முடிச்சுப் போட வரவில்லை. ஆபரேஷன் தோற்றுவிட்டது என்கிறார்கள் அக்கம்பக்கத்தில்.

தோற்கவில்லை அம்மா. நோய் மேலும் முற்றாமல் தடுப்பதுதான் அறுவை சிகிச்சையின் முதல் வேலை. உங்கள் நடை தேறியிருப்பதே நல்ல அடையாளம். இழந்ததில் திரும்பக்கூடியது பெரும்பாலும் முதல் ஆறு மாதத்தில் திரும்பும். பிறகு மெல்ல மெல்ல ஓராண்டு வரைக்கும், சிலருக்கு அதற்கு மேலும் முன்னேற்றம் இருக்கும். மரப்பு முழுதாகப் போகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் மரப்பு மிச்சமிருக்கும்போதே கை வேலைக்குத் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரப்பர் பந்தை அழுத்திக்கொண்டே இருந்தால் பிடிமானம் மட்டும்தான் வளரும். இந்த நோயில் சீக்கிரம் கெடுவது விரல்களைச் சட்டென்று விரித்து மடக்கும் வேகம். 10 நொடியில் உள்ளங்கையை எத்தனை முறை முழுதாக மூடித் திறக்க முடிகிறது என்று எண்ணுங்கள். நலமான கைக்கு 20 முறை வரும். ஞாயிறுதோறும் எண்ணி, நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

வீட்டில் பல்லாங்குழி இருந்தால் எடுங்கள். ஐந்தாறு புளியங்கொட்டைகளை அள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் ஒவ்வொன்றாக விரல் நுனிக்கு நகர்த்தி, குழிக்கு ஒன்றாகப் போடுங்கள். இரண்டு சேர்ந்து விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. கடைகளில் விற்கும் கருவிகளைவிட இதை நான் அதிகம் நம்புகிறேன். பிறகு கண்ணை மூடி அரிசிக்குள் கைவிட்டு, ஒளித்துவைத்த பொத்தானைத் தேடுங்கள். அதன் பின் பூ: முதலில் தடித்த நூலும் சம்பங்கியும், அது வசப்பட்டதும் வாழைநாரும் மல்லிகையும். ஒரு நேரத்துக்குக் கால் மணி போதும்; நாளில் மூன்று நான்கு முறை செய்யுங்கள்.

அடுப்படியில் மட்டும் கவனம். மரத்த விரலுக்குச் சூடு தெரியாது. பிடிதுணி இல்லாமல் பாத்திரத்தை இறக்கிவிட்டு, கொப்புளத்தைப் பார்த்த பிறகே சுட்டதை அறிந்த ஓர் அம்மாவுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். வைட்டமின் பி12 அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது குறைந்தாலும் விரல் மரக்கும்.

காலர் எத்தனை நாள் போட வேண்டும்?

உங்கள் அறுவை மருத்துவர் சொல்லும் நாள்வரை. அதற்கு மேல் பயத்தினால் ஒரு நாள்கூட வேண்டாம். நெடுநாள் போட்டால் கழுத்துத் தசை தளர்ந்து, கழுத்தும் இறுகிவிடும்.

அறுவை சிகிச்சைக்கு மறுநாள் கணவர் நன்றாக இருந்தார். மூன்றாம் நாள் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. விரல்கள் அசைகின்றன. ஏதாவது தவறு நடந்துவிட்டதா?

மருத்துவர் நேரில் பார்த்தாரா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்; ரத்தக்கட்டு போன்ற அவசரக் காரணம் இல்லை என்று அவர்தான் சொல்ல வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால், ஐந்தாம் கழுத்து நரம்பின் தளர்ச்சியாக இருக்கலாம். இந்த அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் 100 பேரில் ஏறக்குறைய 5 பேருக்கு இது வருகிறது; எல்லாம் சரியாகச் செய்தாலும் வரும். பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் பலம் திரும்புகிறது. அதுவரை தோள் இறுகிப்போகாமல் காப்பது உங்கள் கையில் இருக்கிறது. அவரைப் படுக்கவைத்து, முழங்கையைத் தாங்கி, வலிக்காத அளவுக்குக் கையை மெதுவாக உயர்த்தி இறக்குங்கள். உட்காரும்போது கைக்கு அடியில் தலையணை வையுங்கள். அந்தக் கையைப் பிடித்து இழுத்து அவரை எழுப்பவே கூடாது.

வாரம் மூன்று நாள் பஸ் ஏறிப் பிசியோதெரபிக்குப் போக அப்பாவால் முடியவில்லை. வீட்டிலேயே செய்யலாமா?

செய்யலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவுசெய்யுங்கள். இடைப்பட்ட நாட்களில், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காரட்டும். சுவரோரமாக, குதிகாலை மற்றக் காலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து நடக்கட்டும். நீங்கள் அருகிலேயே நில்லுங்கள். இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும். கைத்தடிக்குக் கூச்சப்பட்டால், தெருவில் விழுந்து மறுபடி கழுத்தில் அடிபடுவதைவிட அது மேல் என்று அன்பாக எடுத்துச் சொல்லுங்கள்.

தேறிய நடை மீண்டும் தள்ளாடினாலோ, கை பலம் திடீரென்று குறைந்தாலோ, சிறுநீர் போக முடியாமல் நின்றுவிட்டாலோ அடுத்த சோதனைத் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே அழைத்துச் செல்லுங்கள்.