பி.ஆர் (மக்கள் தொடர்பு) ஏஜென்சில ரெண்டு வருஷம் ஆச்சு, இப்ப ஏஐ வந்துடுச்சு, இந்த ஃபீல்டுல இன்னும் இருக்கலாமா?

கேள்வி கேட்டவங்க விஸ்காம் முடிச்சிட்டு சென்னைல ஒரு ஏஜென்சில அக்கவுண்ட் எக்ஸிக்யூட்டிவா இருக்காங்க, தினமும் பிரஸ் ரிலீஸ் (பத்திரிகைகளுக்கு அனுப்புற செய்திக் குறிப்பு) எழுதுறது, ரிப்போர்ட்டர்களுக்கு போன் போடுறது, மாசக் கடைசில கவரேஜ் ரிப்போர்ட் பண்றது, இதான் வேலையாம், இப்ப ரிலீஸ ஏஐ-யே எழுதிடுது, அப்ப நான் எங்க போறது, மேல வரணும்னா என்ன படிக்கணும்னு கேட்டிருக்காங்க. நானும் இதே ஊர்ல இதே தொழில்லதான் ரொம்ப வருஷமா குப்பை கொட்டிட்டு இருக்கேன், ஏஜென்சிலயும் இருந்தாச்சு, இப்ப கம்பெனி பக்கம் உட்கார்ந்து ஏஜென்சிக்கு மாசா மாசம் ரிடெய்னர் (மாசக் கட்டணம்) பில் பாஸ் பண்ற இடத்துல இருக்கேன், அதனால ரெண்டு பக்கமும் தெரியும்.

இருக்கலாம். ஆனா நீங்க சொன்ன மூணு வேலைல ரெண்டு, அதாவது ரிலீஸ் டிராஃப்டும் ரிப்போர்ட்டும், சம்பளம் குடுத்து ஆள் வெச்சு பண்ற வேலையா ரொம்ப நாள் இருக்காது. போன் போடுறது இருக்கும், ஆனா "சார் மெயில் பாத்தீங்களா, நாளைக்கு வருமா சார்"னு கேக்குற போன் இருக்காது.

வீட்ல பி.ஆர்னு சொன்னா யாருக்கும் புரியலன்னும் எழுதியிருந்தீங்க, அது உங்க தப்பில்ல, நம்ம ஊர்ல பிஆர்ஓ-ன்னா நாலு வேற வேற வேலை. சினிமா பிஆர்ஓ ஒண்ணு, 1958-ல நாடோடி மன்னன் படத்துக்கு பிலிம் நியூஸ் ஆனந்தன் பண்ணதுல இருந்து டைட்டில் கார்டுல பேர் வர்ற வேலை அது. அரசாங்க பிஆர்ஓ இன்னொண்ணு, செய்தி மக்கள் தொடர்புத் துறை, மாவட்டத்துக்கு மாவட்டம் ஆபீஸ், கலெக்டர் நிகழ்ச்சிக்கு போட்டோ, செய்திக் குறிப்பு. ஆஸ்பத்திரில பிஆர்ஓ-ன்னா இன்சூரன்ஸ் அப்ரூவல் வந்துச்சா, ரூம் இருக்கான்னு நாம போய் நிக்கிற டெஸ்க். நீங்க இருக்கிறது நாலாவது, கம்பெனிகளோட பேரப் பாத்துக்கிற வேலை. நாலுக்கும் ஒரே பேர வெச்சா அம்மாக்கு எப்படிப் புரியும்.

சரி, ஏஐ. எல்லாரும் "எழுத்து வேலை போயிடும்"னு சொல்றாங்க, நான் பாக்குற பிரச்சனை அது இல்ல. எழுதுறது ஈஸியானதும் எல்லாரும் எதுக்கெடுத்தாலும் ரிலீஸ் அனுப்ப ஆரம்பிச்சிட்டாங்க, ஆபீஸ்ல ஆயுத பூஜை கொண்டாடினதுக்கெல்லாம் ரிலீஸ் வருது, எல்லாத்துலயும் "பெருமகிழ்ச்சி அடைகிறோம்"னு நிர்வாக இயக்குநர் சொன்ன மாதிரி ஒரே மேற்கோள். அந்தப் பக்கம் பேப்பர் ஆபீஸ்ல ஆள் குறைஞ்சுட்டே போகுது, முன்னாடி பிசினஸுக்கு ஒருத்தர், ஹெல்த்துக்கு ஒருத்தர்னு இருந்த இடத்துல இப்ப ஒருத்தரே ரெண்டையும் பாத்துட்டு வெப்சைட்டுக்கும் தனியா எழுதி வீடியோவுக்கும் மைக் பிடிக்கிறாரு. அவருக்கு இன்னொரு ரிலீஸ் தேவையே இல்ல. சாயங்காலம் டெட்லைன் டைம்ல ஒரு சந்தேகம்னா போன எடுத்து சரியான பதில் சொல்ற ஆள்தான் தேவை. "கிளையண்ட்டக் கேட்டு சொல்றேன் சார்"னு வெச்சிட்டு மறுநாள் காலைல கூப்பிடுற ஆள் யூஸ் இல்ல.

அடுத்து அந்த மாசக் கடைசி ரிப்போர்ட். எக்செல்ல ஏவிஇ-ன்னு (செய்திக்கு விளம்பரக் கணக்குல ஒரு மதிப்பு) ஒரு வரிசை போடுவீங்கல்ல, செய்தி எத்தன சதுர சென்டிமீட்டர் வந்துச்சோ அத விளம்பர ரேட்டால பெருக்கி, சில இடத்துல அத இன்னும் மூணால பெருக்கி (செய்திக்கு விளம்பரத்த விட மதிப்பு ஜாஸ்தியாம்), இந்த மாசம் இத்தன லட்சத்துக்கு பப்ளிசிட்டி வாங்கிக் குடுத்தோம்னு காட்டுறது. இது அளவே கிடையாதுன்னு 2010-லயே பார்சிலோனா கொள்கைகள்னு ஒண்ணு போட்டு உலக அளவுல இந்தத் தொழில்காரங்களே எழுதி வெச்சுட்டாங்க, ஆனாலும் நம்ம ஊர் எக்செல்ல இருந்து அது போகவே மாட்டேங்குது. ஏன்னா கிளையண்ட் பக்கம் மார்க்கெட்டிங் ஹெட்டுக்கு அவரோட பாஸ்கிட்ட காட்ட ஒரு நம்பர் வேணும். அதனால வெறும ஏவிஇ தப்புன்னு கிளாஸ் எடுக்காதீங்க, வேற நம்பர் குடுங்க. நாம சொல்ல நினைச்ச விஷயம் எத்தன செய்தில உள்ள வந்துச்சு, யார் படிக்கணுமோ அவங்க படிக்கிற பேப்பர்லதான் வந்துச்சா, செய்தி வந்த வாரம் டீலர் என்கொயரி, வேலைக்கு அப்ளிகேஷன் ஏதாவது கூடிச்சா, இப்படி. நான் பில் பாஸ் பண்றப்ப இத போட்டு அனுப்புற ஏஜென்சிய மாத்தணும்னு எனக்குத் தோணவே தோணாது.

இப்ப மெயின் மேட்டர். என் கருத்து என்னன்னா, பொதுவா "எல்லா கிளையண்ட்டும் பாப்பேன்"ங்கிற பி.ஆர் ஆளுக்கு இனிமே மதிப்பு கம்மி, ஒரு துறையோட சட்டதிட்டம் வரைக்கும் தெரிஞ்ச பி.ஆர் ஆளுக்கு கிராக்கி ஜாஸ்தி. உதாரணத்துக்கு ஷேர் மார்க்கெட்ல லிஸ்ட் ஆன கம்பெனிய எடுத்துக்கோங்க. காலாண்டு ரிசல்ட் ரிலீஸோட டிராஃப்ட் போர்டு மீட்டிங்குக்கு முன்னாடியே உங்க லேப்டாப்புக்கு வந்துடும். அந்த நிமிஷத்துல இருந்து ஷேர் மார்க்கெட்ட கண்காணிக்கிற செபி கணக்குப்படி நீங்க ஒரு இன்சைடர். வெளியாகாத, விலைய பாதிக்கிற தகவல் யார் யார் கைல இருக்குன்னு கம்பெனி ஒரு டேட்டாபேஸ் வெச்சிருக்கணும், அதுல உங்க பேரும் பான் நம்பரும் ஏறும். அந்த ஷேர நீங்க வாங்கக் கூடாது, உங்க அண்ணன்கிட்ட "நல்லா வருது போலிருக்கு"ன்னு வாய் விடவும் கூடாது. அந்த டிராஃப்ட எடுத்துட்டுப் போய் "கொஞ்சம் நல்லா எழுதிக் குடு"ன்னு ஏதோ ஒரு இலவச ஏஐ-ல ஒட்டுனா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. இந்த வார்னிங்க எத்தன ஏஜென்சில புதுசா வர்றவங்களுக்கு சொல்றாங்கன்னு தெரியல, நான் பேசுன பசங்க பாதிப் பேர் கேள்விப்பட்டதே இல்லன்னாங்க.

இன்னொண்ணு பாருங்க, வதந்தி விதி. முன்னாடியெல்லாம் "இந்தக் கம்பெனிய அவங்க வாங்கப் போறாங்களாம்"னு நியூஸ் வந்தா "யூகங்களுக்கு நாங்கள் பதில் சொல்வதில்லை"ன்னு ஒரு வரி போட்டுட்டு வேலையப் பாக்கலாம். 2024 ஜூன் 1-ல இருந்து மார்க்கெட் மதிப்புல டாப் 100 கம்பெனிக்கும் அதே வருஷம் டிசம்பர் 1-ல இருந்து டாப் 250 வரைக்கும் அந்தக் கதை நடக்காது, மீடியால வந்த வதந்தியால ஷேர் விலை குறிப்பிட்ட அளவுக்கு மேல ஏறி இறங்கினா 24 மணி நேரத்துக்குள்ள ஆமாவா இல்லையான்னு ஸ்டாக் எக்ஸ்சேஞ்சுக்கு சொல்லியாகணும். அந்த 24 மணி நேரத்துல கம்பெனி செக்ரட்டரி, வக்கீல், சிஎஃப்ஓ (நிதித் தலைவர்) எல்லாரும் உட்கார்ந்திருக்கிற கான்ஃபரன்ஸ் கால்ல ஒரு பி.ஆர் ஆளும் இருப்பாரு. என்ன எழுதலாம் என்ன எழுதக் கூடாதுன்னு தெரிஞ்சவரா இருந்தா அந்தக் கால்ல பேசுவாரு, இல்லன்னா மியூட்ல இருப்பாரு. சம்பள வித்தியாசம் அங்கதான் வருது.

ஷேர் மார்க்கெட் போரடிச்சா ஆஸ்பத்திரி. சென்னைல ஹெல்த் கிளையண்ட் இல்லாத ஏஜென்சியே இருக்காது, வாரம் ஒண்ணு "தென்னிந்தியாவிலேயே முதல் முறையாக"ன்னு ரிலீஸ் போகும், எத்தன முதல் முறைதான் இருக்கும்னு ஹெல்த் ரிப்போர்ட்டர்ஸ் சிரிப்பாங்க. டாக்டர் தன்னத் தானே விளம்பரம் பண்ணிக்கக் கூடாதுன்னு 2002 மெடிக்கல் கவுன்சில் நடத்தை விதில இருக்கு, சில நோய்களுக்கு மருந்து இருக்குன்னு விளம்பரம் பண்ணவே கூடாதுன்னு 1954-ல இருந்து தனிச் சட்டமே இருக்கு. பேஷண்ட மேடைல உட்கார வெச்சு பிரஸ் மீட் வெக்கிறதுக்கு முன்னாடி எழுத்துல சம்மதம் வாங்கணும், அதுவும் அவர் புரிஞ்சு குடுத்த சம்மதமா இருக்கணும். இதெல்லாம் தெரிஞ்சு கிளையண்ட்கிட்ட "இந்த லைன எடுத்துடலாம் டாக்டர்"னு சொல்ற ஜூனியரப் பாத்தா எனக்கு சந்தோஷமா இருக்கும், ரொம்ப கம்மியாதான் பாத்திருக்கேன்.

கிரைசிஸ் பத்தி தெரிஞ்சுக்கணும்னா 2015 மேகி கதைய முழுசா படிங்க. உத்தரப் பிரதேசத்துல பாராபங்கில எடுத்த ஒரு சாம்பிள், கொல்கத்தா லேப்ல ஈயம் 17.2 பிபிஎம்னு (பத்து லட்சத்துல இத்தன பங்குன்னு அளவு) ரிசல்ட், அனுமதி 2.5. அதோட பாக்கெட்ல எம்எஸ்ஜி (ருசிக்கு சேர்க்கிற அஜினமோட்டோ) சேர்க்கலன்னு எழுதியிருந்தது வேற தனிப் பிரச்சனை ஆச்சு. விஷயம் வெளிய வந்து வாரக்கணக்குல கம்பெனி "எங்க டெஸ்ட்ல எல்லாம் சரியா இருக்கு"ங்கிற மாதிரிதான் பேசிட்டு இருந்துச்சு, டிவில மேகி மேகின்னு ராத்திரி பூரா ஓடுது. மாநிலம் மாநிலமா தடை, நம்ம தமிழ்நாட்டுலயும் ஜூன் 4-ம் தேதி மூணு மாசத்துக்குத் தடை போட்டாங்க. கடைசில மேகி தயாரிக்கிற நெஸ்லேவோட உலகத் தலைமை அதிகாரியே ஜூன் 5-ம் தேதி டெல்லிக்கு வந்து பிரஸ் மீட் வெச்சு எல்லாத்தையும் திரும்ப எடுத்துக்கறோம்னு சொன்னாரு, அன்னிக்கே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யோட தடை ஆர்டரும் வந்துச்சு. ஆகஸ்ட்ல பாம்பே ஹைகோர்ட் அந்தத் தடைய ரத்து பண்ணிடுச்சு, கம்பெனிய முறையா விசாரிக்கல, டெஸ்ட் பண்ண லேபுக்கு அங்கீகாரம் இல்லன்னு. மறுபடி டெஸ்ட் பண்ணதுலயும் பிரச்சனை இல்ல, நவம்பர்ல கடைக்கு வந்துடுச்சு. ஆக கோர்ட்ல ஜெயிச்சாங்க, ஆனா அதுக்குள்ள கடை அலமாரில அஞ்சு மாசம் பாக்கெட்டே இல்ல. புள்ளைக்கு இத குடுக்கலாமா வேணாமான்னு கேட்ட அம்மாவுக்கு லேப் ரிப்போர்ட்டால பதில் சொல்லப் பாத்ததுதான் அங்க நடந்தது. இன்னொரு கேள்வியும் என் மண்டைல ஓடும், எம்எஸ்ஜி பத்தி அந்த வரிய பாக்கெட்ல அடிக்கிறப்ப பி.ஆர் டீம்ல யார்கிட்டயாவது கேட்டிருப்பாங்களான்னு. பெரும்பாலான கம்பெனில கேக்க மாட்டாங்க, எல்லாம் முடிஞ்சு தீ பிடிச்சப்புறம்தான் நம்மள கூப்பிடுவாங்க. கேக்குற அளவுக்கு நம்பிக்கை வாங்குறதுதான் கெரியர்ங்கிறேன்.

நேர்மை விஷயத்த ரொம்ப இழுக்கல, ஆனா ஒண்ணு மட்டும். இன்ஃப்ளூயன்சர்கிட்ட காசு குடுத்துட்டு "விளம்பரம்னு போட வேணாம், நேச்சுரலா இருக்கட்டும்"னு பிரீஃப் (அவங்க என்ன பேசணும்ங்கிற குறிப்பு) எழுத சொல்லுவாங்க. எழுதாதீங்க. காசு வாங்கினா சொல்லியாகணும்னு 2023 ஜனவரில மத்திய நுகர்வோர் விவகாரத் துறையே வழிகாட்டுதல் போட்டிருக்கு, தவறா வழிநடத்துற விளம்பரத்துக்கு 10 லட்சம் வரைக்கும் அபராதம், திரும்பப் பண்ணா 50 லட்சம். பிரச்சனை வர்றப்ப பிரீஃப் மெயில்ல உங்க பேர்தான் இருக்கும், சொன்னவர் வாய்லதான் சொல்லியிருப்பாரு. பெரிய ஏஜென்சின்னா தப்பிச்சுக்கும்னும் நினைக்காதீங்க, லண்டன்ல பெல் பாட்டிங்கர்னு ஒண்ணு, பிரிட்டன் பிரதமரா இருந்த தாட்சருக்கு வேலை பாத்தவர் ஆரம்பிச்சது, தென்னாப்பிரிக்கால குப்தாங்கிற தொழிலதிபர் குடும்பத்துக்காக இனப் பிரச்சனைய கிளப்பி விடுற மாதிரி கேம்பெய்ன் பண்ணாங்கன்னு 2017 செப்டம்பர்ல அங்க இருக்கிற பி.ஆர் தொழில் சங்கமே வெளிய தள்ளிடுச்சு, கிளையண்ட் எல்லாம் ஓடி அதே மாசம் கம்பெனி திவால். அங்க வேலை பாத்த, அந்த அக்கவுண்டுக்கே சம்பந்தமில்லாத ஜூனியர்களும் சேர்ந்துதான் தெருவுக்கு வந்தாங்க.

படிப்பு பத்தி கேட்டீங்க. ஏற்கனவே வேலைல இருக்கீங்க, இன்னொரு மாஸ் கம்யூனிகேஷன் டிகிரி வேணாம், என் பணமா இருந்தா நான் போட மாட்டேன். அதுக்கு பதிலா ஒரு பேலன்ஸ் ஷீட் படிக்கக் கத்துக்கோங்க. பிஆர்எஸ்ஐ-க்கு (பப்ளிக் ரிலேஷன்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா) சென்னை சாப்டர் இருக்கு, மீட்டிங் கொஞ்சம் பொன்னாடை மாலைன்னு போகும், ஆனாலும் அரசாங்கம், பொதுத்துறை, தனியார்னு மூணு பக்க ஆளுங்களையும் ஒரே ரூம்ல பாக்கலாம். தமிழ்ல நேரடியா ரிலீஸ் எழுத வந்தா அத மறைக்காதீங்க, பேப்பர் ஆபீஸ் டெஸ்க்ல உட்கார்ந்திருக்கிறவர் திருத்தாம போடுற மாதிரி தமிழ் எழுதுற ஆள் ஏஜென்சிகள்ல விரல் விட்டு எண்ணலாம், அதுக்கு தனியா பேரம் பேசலாம்.

ஏஜென்சி மாறுறதப் பத்தி: சம்பளத்துக்காக வருஷம் ஒரு ஏஜென்சி மாறுறது இந்த ஃபீல்டுல சகஜம், நானும் குறை சொல்ல மாட்டேன், ஆனா ஒவ்வொரு தடவையும் துறையும் சேர்ந்து மாறினா, ரியல் எஸ்டேட்ல ஆறு மாசம், ஸ்கூல்ல எட்டு மாசம்னு, இன்டர்வியூல என் மாதிரி ஆள் கேக்குற முதல் கேள்விக்கே பதில் இருக்காது. நான் கேக்குறது இதான்: "உங்க கிளையண்ட் துறைல போன மாசம் என்ன ரூல் மாறிச்சு, யார் அத முதல்ல எழுதினாங்க?" அடுத்த அப்ரைசலுக்கு முன்னாடி இப்ப கைல இருக்கிற கிளையண்ட்ல எது உங்களுக்கு நெஜமாவே பிடிச்சிருக்குன்னு பாத்து, உங்க மேனேஜர்கிட்ட "அந்த செக்டார்ல மட்டும் என்னைப் போடுங்க"ன்னு கேளுங்க, முடியாதுன்னா அப்ப வேற இடம் தேடுங்க. எந்த செக்டார்னு முடிவு பண்ணிட்டு மெசேஜ் பண்ணுங்க, அதுல யார ஃபாலோ பண்ணணும், எந்த சர்க்குலர் படிக்கணும்னு எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.