வாகன வைத்தியம்: குரோம் பட்டிக்குப் பின்னால் இருக்கிற ஓட்டை

கேள்வி: எனக்கு உப்புவெளியில் கடற்கரையோரமாக வீடு. ஐயா விட்டுப்போன ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் ஏ60 கார், 1964ஆம் ஆண்டுத் தயாரிப்பு, இன்னும் ஓடுகிறது. போன வருடம்தான் முழுதாகப் பெயின்ற் அடித்தேன். இந்த மாரி முடிந்து பார்த்தால், பக்கத்துக் குரோம் பட்டிக்குக் கீழே பழுப்பு நிறத்தில் கோடு கோடாக வடிந்திருக்கிறது. முன் கதவில் இரண்டு இடத்தில் பெயின்ற் கொப்பளித்தும் விட்டது. பட்டியைச் சுற்றி சிலிக்கன் பூசிவிட்டால் சரி என்று கராஜில் சொல்கிறார்கள். பூசலாமா?
– வாசகர், உப்புவெளி

பூசவேண்டாம் தம்பி. ஊருக்கே உப்புவெளி என்று பேர். அங்கே அறுபது வருடத்துக் காரை வைத்துக் காப்பாற்றுகிறீர்களே, அதற்கு முதலில் ஒரு கும்பிடு.

பழுப்பாக வடிவது பட்டியின் கறள் இல்லை, கதவுத் தகட்டின் கறள். பட்டியைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். தகட்டில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பிரிங் கிளிப். பட்டியைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் கிளிப்தான். கிளிப்பை ஓட்டைக்குள் அழுத்தும்போது அதன் கால் விளிம்பில் இருக்கிற பெயின்ற்றைச் சுரண்டிக்கொண்டே உள்ளே போகும். பெயின்ற் அடித்தவர் பட்டியைக் கழற்றாமல் ஓரத்தில் டேப் ஒட்டி அடித்திருந்தால், அந்த விளிம்பில் புதுப் பெயின்ற் ஒரு சொட்டுக்கூடப் பட்டிருக்காது. வாடைக்காற்று கொண்டுவருகிற உப்பு ஈரம் பட்டிக்கும் தகட்டுக்கும் நடுவே போய் இருந்துகொள்ளும். வெயில் வந்து கார் முழுக்கக் காய்ந்தாலும் அந்த இடுக்கு காயாது.

இன்னொரு விஷயமும் உண்டு. இரண்டு வேறு உலோகம் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு நின்றால் அது ஒரு குட்டி பற்றரி. ஸ்டெயின்லெஸ் பட்டி என்றால் அரிபடுவது கதவின் இரும்பு. அலுமினியப் பட்டி என்றால் பட்டிதான் வெள்ளை மாவாக உதிரும். என் ஐயா இங்கே திருகோணமலை டொக்யார்டில் வேலை செய்தவர், 1957இல் பிரிட்டிஷ் கடற்படை ஒப்படைத்துவிட்டுப் போகும்வரைக்கும். கப்பலில் வேறு வேறு உலோகம் சேர்கிற இடத்தில் ரெட் லெட் என்கிற ஈயம் கலந்த சிவப்புப் பூச்சில் தோய்த்த கன்வஸ் துணியை நடுவில் வைத்து இறுக்குவார்களாம். ரெட் லெட் நஞ்சு, அதைத் தேடி அலையவேண்டாம். ஆனால் அவர்கள் பூச்சு வைத்த இடத்தைப் பாருங்கள்: இரண்டு உலோகத்துக்கும் நடுவில், வெளி ஓரத்தில் அல்ல.

சிலிக்கன் கதைக்கு வருகிறேன். 2003இல் ஒருவருடைய காருக்கு நானே பட்டியைச் சுற்றி, மேலும் கீழும், அழகாக சிலிக்கன் இழுத்தேன். ஜன்னல் கண்ணாடிக்குப் போடுகிற, வினாகிரி மணக்கிற சிலிக்கன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு மாரி கழித்து வண்டி திரும்பி வந்தது. பிளேட்டால் கீழ் ஓரத்தைக் கீறினேன், தேநீர் நிறத்தில் தண்ணீர் என் கையில் ஒழுகியது. உள்ளே ஓட்டையெல்லாம் ஐந்து சதக் காசு அளவுக்கு அரித்திருந்தது. சொந்தக்காரர் ஒன்றும் பேசவில்லை, அதுதான் எனக்குக் கூடுதல் வெட்கம். தகடு வெட்டி ஒட்டி, பெயின்ற் அடித்து, காசு வாங்காமல் கொடுத்தேன். அந்த வினாகிரி மணம் அமிலத்தின் மணம், வெறும் இரும்பில் பட்டால் அதுவே கறளைக் கிளப்பும். சிலிக்கன் பட்ட இடத்தில் பிறகு பெயின்ற்றும் ஒழுங்காகப் பிடிக்காது, மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகும்.

சரி, செய்யவேண்டியதைச் சொல்கிறேன். ஓரத்தில் டேப் ஒட்டிவிட்டு, பட்டியைப் பிளாஸ்டிக் கரண்டியால் மெதுவாக நெம்பிக் கழற்றுங்கள். ஸ்குரூ டிரைவர் வேண்டாம். நல்ல தண்ணீரால் இரண்டு தரம் கழுவுங்கள். உங்கள் பக்கத்துக் கிணறு உவராக இருந்தால் குழாய்த் தண்ணீர்தான். ஒரு நாள் வெயிலில் விட்டுவிட்டு, ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். குழிக்குள் கறுப்புப் புள்ளி மிச்சமிருந்தால் பொஸ்பொரிக் அமிலம் கலந்த கறள் மருந்து பூசி, போத்தலில் சொன்னபடி துடைத்துக் காயவிடுங்கள். பிறகு எப்பொக்சி பிரைமர் இரண்டு தரம், அதற்கு மேல் காரின் பெயின்ற். பிள்ளைகளின் படம் வரைகிற தூரிகை போதும். ஓட்டையின் உள் விளிம்பிலும் தடவவேண்டும், முக்கியமான இடமே அதுதான். தகடு விரலுக்கு நெளிந்தால் குழி நிரப்புகிற பசையைப் பூசி ஏமாறாதீர்கள், வெல்டிங்தான்.

அப்புறம் பியூட்டைல் ரப்பர் டேப் வாங்குங்கள். கறுப்பாக, சுவிங்கம் மாதிரி, பல வருடம் இறுகாமல் இருக்கும். கடலையளவு உருட்டிப் புதுக் கிளிப்பின் கழுத்தில் மாலை மாதிரிச் சுற்றி, ஓட்டைக்குள் அழுத்துங்கள். சுற்றிவர மெல்லிய வளையம் பிதுங்கி வந்தால் ஓட்டை அடைபட்டது என்று அர்த்தம். பிதுங்கியதைப் பல்லுக்குத்தியால் எடுத்துவிடலாம். கதவின் உட்பக்கத்தில் கிளிப் கால்களுக்கு மெழுகு ஸ்பிரே அடியுங்கள். பட்டியின் கீழ் ஓரத்தைத் திறந்தபடியே விடுங்கள், உள்ளே போகிற தண்ணீர் வெளியே வர வழி வேண்டும். கதவின் அடியில் இருக்கிற வடிகால் ஓட்டைகளிலும் ஒரு தீக்குச்சியை விட்டுப் பாருங்கள். பெயின்ற் அடித்தவர்கள் அதை அடைத்துவிட்டுப் போவது வழக்கம்.

கேள்வி: மொறிஸ் மைனரின் மட்காட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற பீடிங் காய்ந்து வெடித்துவிட்டது. மேலால் பெயின்ற் அடித்தால் போதுமா?
– வாசகி, தம்பலகாமம்

போதாது அக்கா. வெடிப்பால் இறங்கும் தண்ணீரும் சக்கரம் அடிக்கிற சேறும் அந்த மடிப்பில்தான் சேரும். மட்காட் போல்ட்டில் பூட்டியதுதானே, தளர்த்திப் பழைய பீடிங்கை இழுத்தெடுங்கள். இடுக்கைச் சுரண்டி, பிரைமர் பூசி, புதுப் பீடிங்கின் இரண்டு பக்கமும் இறுகாத சீலர் தடவிப் பூட்டச் சொல்லுங்கள். போல்ட்டுக்குக் கிறீஸ் பூசினால் அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களைத் திட்டமாட்டார்.

கேள்வி: பம்பர் குரோமில் ஊசிமுனை அளவில் கறள் புள்ளிகள். என்ன போட்டுத் தேய்க்கலாம்?
– வாசகர், சீனக்குடா

குசினியில் இருக்கிற அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மிருது, கீறாது. சாண்ட்பேப்பர் கிட்டவும் வரக்கூடாது. கழுவித் துடைத்து மெழுகு பூசுங்கள். புள்ளி போனாலும் அந்த இடத்தில் குரோமில் நுண்துளை இருக்கத்தான் செய்யும், அதனால் மாதம் ஒரு தரம் மெழுகு வேண்டும். பம்பரின் பின்பக்கத்துக்கும் ஒரு கை பிரைமர் அடியுங்கள், அங்கே குரோம் பேருக்குத்தான் இருக்கும்.