வீட்டிலிருந்தே பட்டம் படிக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்து, 35 கிலோமீட்டர் தள்ளியுள்ள அரசு கலைக் கல்லூரியில் பி.காம். இடம் பெற்றிருக்கிறாள். இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். "அதே பட்டத்தை வீட்டில் இருந்தபடியே ஆன்லைனில் வாங்கிவிடலாம், வயசுப் பெண்ணை எதற்கு அலையவிடுகிறாய்?" என்கிறார்கள் உறவினர்கள். அவளுக்குக் கல்லூரிக்குப் போகத்தான் ஆசை. ஆன்லைன் பட்டத்துக்கு மதிப்பு உண்டா? நான் என்ன செய்வது?
– ஒரு தாய், விருதுநகர் மாவட்டம்

பதில்: சகோதரி, மதிப்பைப் பற்றிய ஐயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, உரிய அனுமதி பெற்ற பல்கலைக்கழகம் தொலைநிலையிலோ இணையவழியிலோ வழங்கும் பட்டமும், கல்லூரிக்கு நேரில் சென்று படித்துப் பெறும் பட்டமும் சமமானவை. அந்த அளவில் உங்கள் உறவினர்கள் சொல்வது சரிதான். ஆனால், அந்தப் பட்டத்தை எட்டும்வரை உங்கள் மகளுக்குப் படிக்க நேரம் கிடைக்குமா என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

தொலைநிலை, இணையவழிப் படிப்புகளில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. ஒரு பருவத்துக்கு 20 கிரெடிட் என்று வைத்தால் 600 மணி நேரம். ஆறு மாதத்துக்குப் பிரித்தால் ஞாயிற்றுக்கிழமை உட்பட நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கும் மேல். வீட்டிலேயே இருக்கும் பெண்ணுக்கு இந்த மூன்று மணி நேரத்தை யார் ஒதுக்கித் தருவார்கள்? தண்ணீர் வந்தால் பிடிப்பது, பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது, ரேஷன் கடையில் வரிசையில் நிற்பது என்று எல்லா வேலையும் "வீட்டில்தானே இருக்கிறாய்" என்ற ஒற்றைச் சொல்லோடு அவள் தலையில் வந்து விழும். கைப்பேசியில் பாடம் கேட்டுக்கொண்டிருந்தாலும், பார்ப்பவர்களுக்கு அவள் கைப்பேசி பார்த்துக்கொண்டிருப்பதாகத்தான் தோன்றும்.

கல்லூரிப் பணியில் இருந்த காலத்தில், தொலைநிலை மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் ஞாயிறு வகுப்பு எடுத்திருக்கிறேன். தேர்வுக்கு முந்தைய வாரம் ஒரு மாணவி தன் பாடநூல்களைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். பல்கலைக்கழகத்திலிருந்து வந்தபோது கட்டியிருந்த சணல் கயிறு அப்படியே இருந்தது. மேலட்டையில் மட்டும் ஒரு மஞ்சள் கறை. சோம்பேறி அல்லர் அவர். மாமியார் வீட்டில் ஒன்பது பேருக்குச் சமைத்துவிட்டு வருபவர். அந்த முடிச்சை அவிழ்க்க அவருக்கு வாய்த்த முதல் நாளே அன்றைக்குத்தான்.

எனவே, பதினேழு பதினெட்டு வயதில், கைக்கு இடமும் கிடைத்திருக்கும்போது கல்லூரிக்கே அனுப்புங்கள் என்பதே என் உறுதியான கருத்து. புரியாத கணக்கைப் பக்கத்து இருக்கைத் தோழியிடம் கேட்பதும், வேலைவாய்ப்பு முகாமுக்குக் கூட்டமாகப் போய் வருவதும், தனியே பேருந்து ஏறிப் பழகுவதும் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத படிப்புகள். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்திருந்தால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வரும்; தொலைநிலையில் சேர்ந்தால் அந்தத் தொகை கிடையாது. அரசு கல்லூரி மாணவர்களுக்கு இலவசப் பேருந்துப் பயண அட்டையும் உண்டு. ஆன்லைன் படிப்பின் பயனையும் அவள் இழக்க வேண்டியதில்லை. நேரில் ஒரு பட்டமும் இணையவழியில் இன்னொரு பட்டமும் ஒரே காலத்தில் படிக்க 2022 முதல் மானியக் குழு அனுமதிக்கிறது. முதலாண்டு நன்றாகக் காலூன்றிய பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன், வயது 29. பிளஸ் டூ இல்லாமலே நேரடியாகப் பட்டம் வாங்கித் தருவதாகவும், தேர்வைக்கூட அவர்களே பார்த்துக்கொள்வதாகவும் ஒரு ஏஜென்ட் சொல்கிறார். குரூப் 4 தேர்வு எழுதி, பிறகு குரூப் 2வும் எழுத ஆசை. சேரலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, அந்த ஏஜென்டிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தேர்வைப் பார்த்துக்கொள்கிறேன் என்பவர் விற்பது பட்டத்தை அல்ல, குற்றத்தை. பின்னாளில் சான்றிதழ் சரிபார்ப்பில் அகப்பட்டுக்கொள்பவர் நீங்கள்தான். மேலும், குரூப் 2 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூவைத் தாண்டிக் குதித்து வாங்கிய பட்டம் தமிழக அரசுப் பணிக்கு உதவாது. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பே போதும், அதை இப்போதே எழுதுங்கள். கூடவே தனித்தேர்வராகப் பிளஸ் டூ முடியுங்கள்.

அதன் பிறகு, ஷிப்ட் வேலையில் இருக்கும் உங்களுக்குத் தொலைநிலையோ இணையவழியோதான் பொருந்தும். "கரஸ்ல படிச்சவன்" என்று யாராவது குறைத்துப் பேசினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். என் ஞாயிறு வகுப்புக்கு வந்த நகரப் பேருந்து நடத்துநர் ஒருவர், பாடத்தாள்களை நான்காக மடித்துப் பயணச்சீட்டுப் பையில் வைத்திருப்பார். மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்தே தேய்ந்து போயிருக்கும். கடைசி நிறுத்தத்தில் வண்டி நிற்கும் பத்து நிமிடங்களில் படித்தே மூன்று ஆண்டுகளில் தேறினார். சேருமுன், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் பாடத்துக்கு அந்த ஆண்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பாருங்கள். அங்கே உங்களுக்கென ஓர் அடையாள எண்ணும் உருவாக்க வேண்டும். அதை நீங்களே செய்யுங்கள். கட்டணத்தைப் பல்கலைக்கழகக் கணக்கில் மட்டும் செலுத்துங்கள்.

கேள்வி: எலெக்ட்ரானிக்ஸ் போன்ற பாடங்களையும் ஆன்லைனில் படிக்க முடியுமா?
– மாணவர், கும்பகோணம்

பதில்: முழுக்க ஆன்லைனில் முடியாது, கலப்பு முறையில் முடியும். சென்னை ஐஐடி 2023இல் தொடங்கிய எலெக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் பி.எஸ். பட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாடங்கள் இணையத்தில், தேர்வுகள் தேர்வு மையங்களில் நேரில், ஆய்வகப் பயிற்சிக்குச் சென்னை வளாகத்துக்கே வர வேண்டும். ஜேஇஇ எனும் பொறியியல் நுழைவுத் தேர்வு தேவையில்லை, ஆனால் நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேற வேண்டும். ஒரு பாடத்துக்கு வாரம் பத்து மணி நேரம் ஆகும் என்று அவர்களே சொல்கிறார்கள். அதைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். பொறியியல் பி.இ., செவிலியம், மருந்தியல், சட்டம் ஆகியவற்றை ஆன்லைனில் நடத்த அனுமதியே இல்லை. கலப்புப் படிப்பு எதுவானாலும், பருவத்துக்கு எத்தனை நாள் ஆய்வகத்துக்கு வர வேண்டும், அந்த நாள்களில் எங்கே தங்குவது, வர அழைப்பு எவ்வளவு முன்னதாகக் கிடைக்கும் என்ற மூன்றையும் கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள்.