டூசான் குதிரைப் பண்ணை விடுமுறை: கேளுங்கள், சொல்கிறேன்

அமெரிக்காவின் அரிசோனாவில் டூசான் ஊரை ஒட்டி, விருந்தாளிகளைத் தங்கவைத்துக் குதிரைச் சவாரி தரும் பழைய மாட்டுப் பண்ணைகளில் ('டூட் ராஞ்ச்' என்பார்கள்) மூன்று தடவை தங்கியிருக்கிறேன். கிளம்பும் முன் கேட்டவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து பதில்.

டாலஸிலிருந்து: டூட் ராஞ்ச் என்பது ரிசார்ட்தானே? ஏன் இவ்வளவு காசு?

பெரும்பாலான இடங்களில் மூன்று வேளைச் சாப்பாடும் சவாரியும் அந்தக் காசிலேயே அடக்கம். வெறும் அறை வாடகையோடு ஒப்பிட்டால் தலைசுற்றும். 'டூட்' என்பது மாடு மேய்ப்பவர்கள் நகரத்து ஆசாமிக்கு வைத்த கேலிப் பெயர். மாட்டை மட்டும் நம்பிக் காலம் தள்ள முடியாதபோது, அந்த ஆசாமியையே விருந்தாளியாக்கிக் காசு பார்த்தார்கள். டூசான் பக்கத்து டாங்கி வெர்டே பண்ணையை 1868இல் மாட்டுப் பண்ணையாகத் தொடங்கியவர் எமிலியோ கரில்யோ. பணத்தை எங்கே ஒளித்தாய் என்று கேட்டுக் கொள்ளையர்கள் அவரை உத்தரத்தில் தொங்கவிட்டார்களாம், மனிதர் பிழைத்துக்கொண்டாராம். அந்தக் கதையை இன்றும் அங்கே சொல்கிறார்கள்.

பியூனிக்ஸிலிருந்து: அண்ணா, குதிரையைத் தொட்டதுகூட இல்லை. சமாளிப்பேனா?

தாராளமாக. வெஸ்டர்ன் சேணத்தில் முன்னால் ஒரு கொம்பு இருக்கும், பயந்தால் பிடித்துக்கொள்ளலாம். கடிவாளம் ஒரே கையில். குதிகாலைக் கீழே அழுத்தினால் பாதி பயம் போய்விடும். நடைக்குதிரையே போதும் என்பது என் கட்சி. முதல் நாளே ஓட்டத்துக்கு ஆசைப்பட்டு மறுநாள் நாற்காலியில் உட்கார முடியாமல் தவித்தவன் நான். ஜீன்ஸ், குதிகால் உள்ள மூடிய ஷூ கட்டாயம். பல பண்ணைகளில் எடை வரம்பும் உண்டு, பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

சான் ஹோசேயிலிருந்து: நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை, கேட்டுச் சாப்பிட வேண்டும். மசித்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு, சோற்றைக் கோழிச்சாற்றில் வேகவைப்பதுண்டு. முன்கூட்டியே எழுதிவிட்டால் தனியாகச் செய்து தருவார்கள். ஒரு ஊறுகாய் பாட்டில் கையோடு இருக்கட்டும்.

ஹூஸ்டனிலிருந்து: பாம்பு, தேள் பயம். குழந்தைகளோடு போகலாமா?

கண்ணுக்குத் தெரியாத பொந்திலும் கல்லிடுக்கிலும் கை வைக்காதீர்கள். காலையில் ஷூவை உதறிப் போடுங்கள். புறஊதா டார்ச் அடித்தால் தேள் பச்சையாக மினுங்கும். பையன்கள் அதற்காகவே இரவில் தூங்க மாட்டார்கள்!

உண்மையான வில்லன் சோயா (cholla, சோயா பீன்ஸ் இல்லை) என்ற கள்ளி. லேசாக உரசினாலே ஒரு முள்ளுருண்டை கழன்று நம்மோடு வந்துவிடும். என் முழங்காலில் ஒட்டியதைக் கையால் பிடுங்கப் போனேன், கையிலும் ஒட்டிக்கொண்டது. கூட வந்த குதிரைக்காரர் ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தார், முள்ளுக்கும் தோலுக்கும் நடுவே விட்டு ஒரு சுண்டு சுண்டினார். உருண்டை பறந்தது. தலைக்கு எண்ணெய் வைக்கும் ஆள்போலத் தெரியவில்லையே, சீப்பு எதற்கு என்று காலையில்தான் யோசித்திருந்தேன்.

சியாட்டிலிலிருந்து: கை விரித்து நிற்கும் அந்த உயரமான கள்ளியைப் பார்க்கவே வருகிறோம். எங்கே?

அது சவாரோ. டாங்கி வெர்டே பண்ணைக்குப் பக்கத்திலேயே சவாரோ தேசியப் பூங்கா. சோனோரன் பாலைவனத்தில் மட்டும்தான் அது தானாக வளரும். முதல் கை முளைக்கவே 50, 75 வருடம் ஆகும், சிலதுக்கு இன்னும் கூட. நாலைந்து கையோடு நிற்பதைப் பார்த்தால் தாத்தாவுக்குத் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பூ மே, ஜூனில்.

அட்லாண்டாவிலிருந்து: ஜூலையில்தான் எனக்கு லீவு. போகலாமா?

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் சுகம். ஜனவரியில் பகல் இதமாக இருந்தாலும் இரவில் ஸ்வெட்டர் வேண்டும். ஜூலையில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும், சவாரி விடிகாலையோடு சரி. சில பண்ணைகள் கோடையில் மூடியே இருக்கும், விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அப்போதுதான் மழைக்காலமும் தொடங்குகிறது. சாயங்காலம் மேகம் கட்டி, முதல் தூறல் விழுந்ததும் கிரியோசோட் புதரிலிருந்து ஒரு வாசனை கிளம்பும். நம் ஊர் மண்வாசனைக்குத் தாரும் பச்சிலையும் கலந்த சித்தி மகள். அதற்காக மட்டும் ஒருமுறை ஜூலையில் போனேன், தொப்பி நனைந்ததில் வருத்தமில்லை.