சிடி எடுத்த பிறகும் பெட் ஸ்கேன் அவசியமா?

அப்பாவுக்கு சிடி ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, இப்போது பெட் ஸ்கேனும் கேட்கிறார்கள், தேதி வேறு தள்ளிக்கொண்டே போகிறது, அவசியம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) முடிந்து, புற்றுநோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்கத்தான் கேட்டிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்த அம்மாவோடு மூன்று முறை அந்த ஸ்கேன் அறை வாசலில் காத்திருந்தவன்.

சிடியில் கட்டியின் அளவும் இடமும் தெரியும். அதற்குள் இன்னும் நோய் இருக்கிறதா, வெறும் தழும்புதானா என்பது பல சமயம் தெரியாது. பெட் ஸ்கேனுக்கு எஃப்டிஜி என்று ஒரு ஊசி போடுவார்கள். கதிரியக்கம் சேர்த்த சர்க்கரை மாதிரி ஒரு பொருள். சர்க்கரையை அதிகம் இழுக்கும் செல்கள் படத்தில் ஒளிரும். கீமோ முடிந்தபோது அம்மா வயிற்றில் கட்டி மிச்சம் இருப்பதாகத்தான் சிடி சொன்னது. பெட் ஸ்கேனில் அந்த இடம் ஒளிராமல் அடங்கிக் கிடந்தது. மேற்கொண்டு கீமோ வேண்டாம் என்று அதை வைத்துத்தான் முடிவு செய்தார்கள்.

தேதி தள்ளிப்போவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த மருந்தின் கதிரியக்கம் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். வாங்கி அடுக்கி வைக்க முடியாது. சைக்ளோட்ரான் என்ற இயந்திரம் இருக்கும் இடத்தில் அன்றன்றைக்குத் தயாரித்துக் கொண்டுவர வேண்டும். இயந்திரம் பழுதானாலோ வண்டி தாமதமானாலோ அன்றைய நோயாளிகள் எல்லாருக்கும் சிக்கல்தான்.

முதல் முறை எங்களுக்கு அதுதான் நடந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. முந்தைய இரவிலிருந்து வெறும் வயிறு. பதினோரு மணிக்கு வந்து, "மருந்து வரல, நாளைக்கு வாங்க" என்றார்கள். அதற்குள் அம்மாவுக்கு வேர்த்து, கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. மருந்து வராதது யார் தப்பும் இல்லை. ஆனால் காலை ஏழு மணிக்கே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு போன் செய்திருக்கலாம். அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதனால் கிளம்பும் முன் மருந்து வந்ததா என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் மாத்திரை, இன்சுலின் பற்றி முன்னாலேயே கேளுங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டால் குடல் ஒளிர்ந்து படம் குழம்பலாம். ரத்தச் சர்க்கரை 200-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். முந்தைய நாள் கடினமான வேலை வேண்டாம். ஒரு போர்வை எடுத்துப் போங்கள், குளிர் பட்டால் கழுத்துப் பக்கக் கொழுப்புகூட ஒளிரும். ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் அசையாமல், பேசாமல் இருக்க வேண்டும்.

கதிர்வீச்சு ஆயிற்றே என்று யாராவது வருவார்கள். ஆமாம், கதிர்வீச்சுதான். நன்றாக இருப்பவர்கள் வருடா வருடம் எடுங்கள் என்று நான் சொல்லவே இல்லை.

அம்மாவின் மூன்றாவது ஸ்கேனில் நெஞ்சுக்குள் நெறிக்கட்டிகள் (நிணநீர் முடிச்சுகள்) ஒளிர்ந்தன. வாசல் படியிலேயே ரிப்போர்ட்டைப் பிரித்துப் படித்துவிட்டு, நோய் திரும்பிவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். அப்படிச் செய்யாதீர்கள். கிருமித்தொற்று, வீக்கம் எல்லாம் ஒளிரும். மூளையும் சிறுநீர்ப்பையும் எல்லாருக்குமே ஒளிரும். மிகச் சின்ன கட்டியோ மெதுவாக வளரும் கட்டியோ ஒளிராமலும் போகலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். ஸ்கேன் அறையில் ஒருவர், அம்மா எதிரிலேயே என்னிடம் குனிந்து, "அவங்களுக்கு என்ன நோய்னு தெரியுமா?" என்றார். முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர் அம்மா. அவரிடம் உண்மையைச் சொன்னதற்காக என் மாமா இன்னும் என்னோடு பேசுவதில்லை. யார் உடம்பு அது?

அந்த மூன்றாவது ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு மருத்துவர் முன் நான் வாயடைத்து உட்கார்ந்திருந்தபோது, "சதையை எடுத்துப் பாக்காம இது அதேதான்னு எப்படிச் சொல்ல முடியும், டாக்டர்?" என்று கேட்டது அம்மாதான். பார்க்கத்தான் போகிறோம் என்றார் அவர். பயாப்ஸியில் காசநோய் என்று வந்தது. ஆறு மாத மாத்திரையை ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டு முடித்துவிட்டார்.